மறதி யாரைத் தேடி வருகிறது?

மயிலாப்பூர் லஸ் பக்கம் நாகேஸ்வரராவ் பூங்காவுக்கு விடியற்காலையில் போய்ப் பாருங்கள். எழுபது எண்பது வயதுப் பெரியவர்கள் கைவீசி நடக்கிறார்கள். பெஞ்சியில் உட்கார்ந்து பத்திரிகை படித்து வாதாடுகிறார்கள். நல்லதுதான், நூறாண்டு வாழட்டும்! அவர்கள் வீட்டில் பத்துப் பாத்திரம் தேய்த்த கிழவியோ, அடுப்பில் உலை வைத்ததையே மறந்துவிடுகிறாள். 'தலைவிதி' என்று சொல்லிவிட்டுப் போகிறோம்.

விதியா இது? 2023-ல் வெளியான அகில இந்திய ஆய்வு, 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு மறதி நோய் என்றது. மொத்தம் 88 லட்சம் பேர்! ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். படித்தவர்களைவிடப் படிக்காதவர்களுக்கு அதிகம். நகரத்தைவிட நாட்டுப்புறத்தில் அதிகம். விதி இப்படி ஆள் பார்த்தா வரும்?

லண்டன் 'லான்செட்' மருத்துவ ஏட்டின் நிபுணர் குழு 2024-ல் 14 காரணங்களைச் சொன்னது. சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகாதது, கவனிக்காத ரத்தக் கொதிப்பு, நீரிழிவு, காது மந்தம், கண் மங்கல், புகைக் காற்று, தனிமை ஆகியவை அவற்றில் சில. எல்லாவற்றையும் சரிசெய்தால் இந்நோயில் நூற்றுக்கு 45 பங்கைத் தடுக்கலாம், அல்லது தள்ளிப்போடலாம் என்றது. தறிச் சத்தத்தில் காதைப் பறிகொடுத்த மில் தொழிலாளியும், பள்ளிக்குப் போகும் வயதில் நாற்று நடப்போன பெண்ணும் இந்தக் கணக்கில் தங்களையே பார்க்கலாம்.

இன்னொன்று. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரை ஏழைகளைப் பெயர்த்துப் பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கட்டடங்களில் வைத்தார்கள். ஆயுள் முழுதும் ஒரே சந்தில் நடந்து பழகிய கிழவிக்கு எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரி. லிப்ட் நின்றால் முட்டி தேய்ந்தவள் கீழே இறங்குவதில்லை. பேச ஆள் இல்லை. தனிமையும் ஒரு காரணம் என்று நிபுணர்களே சொல்லியிருக்கிறார்களே!

முதியோர் பென்ஷனில் மத்திய சர்க்காரின் பங்கு 2007-ல் 200 ரூபாய். 60 முதல் 79 வயதுவரை உள்ளவர்களுக்கு 2024-லும் அதே 200 ரூபாய். மாநில சர்க்கார் 2023-ல் மொத்தத் தொகையை 1,200 ஆக்கியது. பிரஷர் மாத்திரையும் கண்ணாடியும் வாங்கி, சோறும் தின்ன இது போதுமா?

கிண்டியில் 2024 பிப்ரவரியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் திறந்தார்கள். வரவேற்போம். ஆனால் வழி மறந்த கிழவி கிண்டிக்குத் தானாக வரமாட்டாள். மகள் ஒரு நாள் கூலியை இழந்து கூட்டிவரவேண்டும். 2021 முதல் வீடு தேடிப் பிரஷர் மாத்திரை கொண்டுவரும் ஊழியர்கள் இருக்கிறார்களே, காதையும் கண்ணையும் ஞாபகத்தையும் வாசலிலேயே சோதிக்க அவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். அந்த வேலைக்குரிய கூலியையும் சேர்த்துக் கொடுங்கள்.