கொல்லப்பட்டவன் யார்?

“கொலைக் கதையா? அதுவும் ஜப்பானியர் கதையா? அதற்குமா தமிழ்ச் சங்க நூலகத்தில் இடம்?” என்று வினவும் பெரியோர் நம்மிடையே உளர். அவர்களுக்கு விடை கூறவே இதனை எழுதுகிறேன்.

ஜப்பான் நமக்கு அயலன்று. 1965ஆம் ஆண்டிலேயே ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்து இயற்பியலறிஞர்கள், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரோடும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரோடும் கூடி, நம் தங்கச் சுரங்கத்தின் ஆழத்திலேதான் நியூட்ரினோத் துகளின் சுவட்டைக் கண்டனர். அதே ஒசாகாவில் பிறந்த கெய்கோ ஹிகாஷினோ படைத்த துப்பறிவாளரும் ஓர் இயற்பியலறிஞரே.

அவர் தோன்றும் ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’ என்னும் புதினம் 2005இல் ஜப்பானிய மொழியில் நூலாகி, நவோக்கிப் பரிசு பெற்று, 2011இல் ஆங்கிலத்தில் வந்தது. தேடிவந்து துன்புறுத்திய முன்னாள் கணவனை ஒரு தாயும் மகளும் கொன்றுவிடுகின்றனர். அண்டை வீட்டுக் கணித ஆசிரியர் அவர்களைக் காக்க முற்படுகிறார்.

முடிவைச் சொல்லாமல் என் வழக்கை உரைக்க இயலாது, படியாதோர் பொறுத்தருள்க. ஆற்றங்கரையில் கிடைத்த முகம் சிதைந்த உடல் அந்தக் கணவனுடையதன்று. கொலை நடந்த நாளையே மாற்றிக் காட்டுவதற்காகக் கணித ஆசிரியர் மறுநாள் வேறொருவனைக் கொன்று கிடத்தியிருக்கிறார். யார் அவன்? ஆற்றோரம் வீடற்றோர் நடுவே புதிதாய் ஒதுங்கியவன். தொழில்துறை இதழ்களை விடாது படித்தமையால் ‘பொறியாளன்’ என அந்த ஆசிரியர் மனத்துள் பெயரிட்டவன். வேலை மீண்டும் கிட்டும் என்னும் நம்பிக்கையைக் கைவிடாதவன். காணாமற்போனால் தேடுவாரில்லை என்ற ஒன்றே அவன் உயிருக்கு உலை வைத்தது.

வாசகர் பலர் கணித ஆசிரியரின் காதலுக்குக் கண்ணீர் வடிக்கின்றனர். தியாகம் என்று போற்றுகின்றனர். தன்னுயிரை ஈவது தியாகம்; பிறன் உயிரை எடுத்து ஈவது எங்ஙனம் தியாகமாகும்? நூலாசிரியர் அம்மனிதனை மறந்தாரல்லர். மறந்தவர் வாசகரே.

கோரமண்டல் வாழ் தமிழராகிய நமக்கு அந்த மறதி தகாது. வட ஆர்க்காட்டினின்றும் தருமபுரியினின்றும் வந்து, பத்தாயிரம் அடிக்கும் கீழே இறங்கிப் பொன் எடுத்தோர் வழியினர் நாம். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபோது, கையில் தொழிலும் நெஞ்சில் நம்பிக்கையும் இருந்தும் வேலையற்று நின்ற தந்தையர் எத்தனை பேர்! விடியுமுன் பெங்களூருக்கு ரயிலேறும் நம் பிள்ளைகளுள் ஒருவன் ஒருநாள் திரும்பாவிடின், அம்மாநகரில் அவனைப் பெயர் சொல்லித் தேடுவார் யார்?

கொலைக் கதை கொலையைக் கற்பிக்கும் என்று அஞ்சுவோரே! தேடுவாரற்ற மனிதனும் மனிதனே என்பதை இந்நூல் கற்பிக்கிறது. ஆகவே நூலகத்தில் இதற்கு இடம் தாருங்கள். படித்து முடித்த பிள்ளையிடம் கொலையாளி யார் என்று கேளாதீர்கள். கொல்லப்பட்டவன் யார் என்று கேளுங்கள்.