நோயாளியின் சொல்லும் மாணவரின் கம்பியும்

நோயாளியின் முதன்மைக் குறையை அவருடைய சொற்களிலேயே பதிவு செய்ய வேண்டும் என்பது பல் மருத்துவ மாணவர்கள் தொடக்கத்திலேயே கற்கும் விதி. மும்பையின் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில், பற்சீரமைப்புப் பிரிவில் அந்த விதி படும் பாட்டை அண்மையில் நேரில் கண்டேன். கல்லூரியின் பெயர் வேண்டா. நான் குறைகூறுவது பயிற்சி முறையை.

தாராவியில் வாழும் திருநெல்வேலித் தாய் ஒருவர் தம் பத்து வயது மகளை அழைத்து வந்திருந்தார். மொழிபெயர்ப்பதற்காக நான் உடன் சென்றேன். அவர் சொன்னது இது: “முன்னால இப்படி இல்ல. ரெண்டு வருசமாத்தான் பல்லு எத்திக்கிட்டு வருது. தூங்கையில வாயத் தொறந்தே கெடக்கா. காலையில தொண்ட வறண்டு போவுது.”

முதலிரு வாக்கியங்களை நான் இந்தியில் சொல்லி முடிப்பதற்குள் இறுதியாண்டு மாணவர் குழந்தையின் வாயைப் பார்த்துவிட்டார். ‘மேல் முன்பற்கள் முன்னோக்கி அமைந்துள்ளன’ என்று ஆங்கிலத்தில் எழுதினார். அது அந்தத் தாயின் வாக்கியம் அன்று; மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கும் வாய்பாடு. கீழே, பழக்கங்கள் என்ற பகுதியில், ‘வாய்வழிச் சுவாசம்: இல்லை’ என்று குறித்தார். மேற்பார்வை ஆசிரியரிடம் நான் மறுபடியும் எடுத்துச் சொன்ன பின்னரே காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குச் சீட்டு கிடைத்தது. மூக்கடைப்புக்குக் காரணம் என்னவென்று பாராமல் பல்லை மட்டும் உள்ளே தள்ளினால் அது மீண்டும் வெளியே வரக்கூடும் என்பதை அந்த மாணவரும் படித்தவரே.

அவர் அக்கறையற்றவர் அல்லர். அன்று மாலைக்குள் ஆடம்ஸ் கிளாஸ்ப் வளைத்துக் காட்டிக் கையொப்பம் பெற வேண்டிய கட்டாயத்தில் இருந்தார். நம் இளநிலைப் பற்சீரமைப்புப் பயிற்சியின் பெரும்பகுதி கம்பி வளைப்பதிலும் சுண்ண மாதிரி செய்வதிலும் கழிகிறது. நான்காண்டுப் படிப்புக்குப் பின் வரும் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியில் இத்துறைக்குக் கிடைப்பது ஒரு மாதம். நிலையான கம்பிச் சிகிச்சையோ பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் நீள்வது. ஒரே குழந்தையின் பல் நகர்வதைத் தொடக்கம் முதல் இறுதி வரை பார்க்காமலே ஒருவர் பட்டம் பெற்றுவிடலாம்.

“பற்சீரமைப்பு எம்.டி.எஸ். படித்தவர்களின் பணி, பி.டி.எஸ். மாணவர் குறையை இனங்கண்டு உரியவரிடம் அனுப்பினால் போதும்” என்று சிலர் வாதிடுவர். முழுமையாக ஏற்கிறேன். அப்படியானால் இனங்காணுவதையன்றோ முதலில் கற்பிக்க வேண்டும்? எட்வர்ட் ஆங்கிள் 1899இல் வகுத்த மூன்று வகைகள் கடைவாய்ப் பற்கள் எவ்வாறு பொருந்துகின்றன என்பதைச் சொல்லும். ஏன் அப்படி ஆயின என்பதைச் சொல்லா. அந்த ‘ஏன்’ பல வேளைகளில் வீட்டார் பேச்சில்தான் கிடைக்கிறது. அதைக் கேட்கப் பழகாதவருக்கு எதை, எப்போது, யாரிடம் அனுப்புவது என்பது எப்படித் தெரியும்?

“இந்நகரில் எத்தனை மொழிகளைத்தான் கற்பது?” என்றும் கேட்கலாம். கற்கச் சொல்லவில்லை. மூன்றே கோரிக்கைகள். ஒன்று, முதன்மைக் குறையை நோயாளியின் மொழியிலேயே, எந்த எழுத்தில் இயலுமோ அந்த எழுத்தில் எழுதி, அதன் கீழே மொழிபெயர்ப்பைத் தருக. மொழி தெரிந்த வகுப்புத் தோழரோ செவிலியரோ உதவட்டும். இரண்டு, கம்பிப் பயிற்சிக்குரிய எண்ணிக்கையைக் குறைத்து, மூன்றாம் ஆண்டிலிருந்து உள்ளிருப்புப் பயிற்சி முடியும் வரை ஒரு நோயாளியையேனும் ஒரே மாணவர் பின்தொடரச் செய்க. மூன்று, செய்முறைத் தேர்வில், நோயாளி கூறியதையும் மாணவர் எழுதியதையும் ஒப்பிட்டு மதிப்பெண் இடுக.

இன்றைய இறுதியாண்டு மாணவர்கள் நாளை தாராவியிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் மருத்துவமனை திறப்பார்கள். பல் விழுந்து முளைக்கும் வயதுக் குழந்தையை முதலில் பார்ப்பவர்கள் அவர்களே. அந்த வயதில் தவறவிட்டதைப் பின்னர் சரிசெய்யச் செலவும் காலமும் கூடும். தாராவியின் குடும்பங்களுக்கு இரண்டுமே அரிது. அன்று உடன் செல்ல நான் இருந்தேன். யாரும் உடன் வராத தாயின் மூன்றாவது வாக்கியம் எந்தத் தாளில் பதிவாகும்? பல் மருத்துவ ஆசிரியர்கள் இதற்கு விடை சொல்ல வேண்டும்.