கார் விசில் அடிக்குதா? டேஷ்போர்டைப் பார்க்காதீங்க... காதைக் கொடுங்க!

கொடைக்கானலில் இரண்டு நாள் தங்கிவிட்டு மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது அந்தக் குடும்பம். ஒன்பது வருடப் பழைய ஹேட்ச்பேக் கார். ஸ்டீயரிங்கில் 64 வயது தாத்தா, பக்கத்தில் மகன், பின் சீட்டில் பாட்டி, மருமகள், ஏழு வயதுப் பேத்தி. டிக்கி நிறைய பெட்டிகள், மலைப்பூண்டு, பேரிக்காய். மலைக்காற்று வரட்டும் என்று ஏ.சி-யை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கியிருந்தார்கள். பெருமாள்மலையைத் தாண்டியதும் பேத்திதான் முதலில் சொன்னாள்.

“தாத்தா, நம்ம கார் விசில் அடிக்குது.”

தாத்தாவுக்கு எதுவும் கேட்கவில்லை. “சில்வண்டு கத்துதும்மா” என்றார். “இல்லைங்க, நேத்து ஏரிக்குப் போறப்பவே லேசா கேட்டுச்சு” என்றார் பாட்டி. தாத்தா விடவில்லை. டேஷ்போர்டைக் காட்டி, “பிரேக்ல ஏதாவது பிரச்னைன்னா இங்க லைட் எரியும்ல... ஒண்ணும் எரியலையே!” என்றார்.

நல்ல வேளையாக அவர் பழைய பழக்கத்தில் இரண்டாவது கியரிலேயே நிதானமாக இறங்கினார். வத்தலக்குண்டு வந்து, மதுரை வந்து, மறுநாள் காலை மெக்கானிக் ஷெட்டில் முன்பக்கச் சக்கரத்தைக் கழற்றியபோதுதான் விஷயம் தெரிந்தது. வெளிப்பக்க பிரேக் பேட் பாதிக்கு மேல் இருந்தது. உள்பக்க பேட் கிட்டத்தட்ட வெறும் இரும்புத் தகடு. “பாப்பா சொன்னது சில்வண்டு இல்ல சார், இதுதான்” என்று மெக்கானிக் காட்டியது, நகத்தின் அளவே இருந்த ஒரு வளைந்த தகரத் துண்டு.

அந்தத் தகரத் துண்டுதான் நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சின்ன கார்களின் பிரேக் பேட் சென்சார். அது டேஷ்போர்டுக்குத் தகவல் அனுப்பாது. நேராக உங்கள் காதுக்குத்தான் அனுப்பும்.

லைட் ஏன் எரியவில்லை?

சைக்கிளில் பிரேக் கட்டை தேய்ந்தால் கண்ணால் பார்த்துவிடலாம். காரில் அது சக்கரத்துக்குள் ஒளிந்திருக்கிறது. சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். பிரேக்கை மிதித்தால் அதை இரண்டு பக்கமும் இரண்டு பேடுகள் கவ்விப் பிடிக்கும். புது பேடில் தேயும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அது 2 அல்லது 3 மில்லிமீட்டருக்குக் குறைந்ததும், பேடின் முதுகில் பொருத்தியிருக்கும் வளைந்த தகரம் டிஸ்க்கைத் தொட ஆரம்பிக்கும். ஓடும் டிஸ்க்கில் தகரம் உரசினால் ‘கீச்’சென்று சத்தம் வரும். அவ்வளவுதான் அதன் தொழில்நுட்பம். ஒயர் இல்லை, பேட்டரி இல்லை, கெட்டுப்போக எதுவும் இல்லை.

பி.எம்.டபிள்யூ, மினி போன்ற கார்களில் இருப்பது வேறு வகை. பேடுக்குள்ளேயே ஒரு மெல்லிய ஒயர் வளையம் புதைந்திருக்கும். பேட் தேய்ந்து அந்த அளவுக்கு வந்ததும் டிஸ்க் ஒயரைத் தேய்த்து அறுத்துவிடும். மின் இணைப்பு துண்டானதும் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். ஒரு வட்டம், அதன் இரு பக்கமும் விட்டுவிட்டு வளைந்த கோடுகள் - அதுதான் பேட் தேய்ந்ததற்கான அடையாளம். ஒருமுறை அறுந்த சென்சாரைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. பேடோடு அதையும் சேர்த்துப் புதிதாக வாங்க வேண்டும்.

சின்ன கார்களில் இதை ஏன் வைப்பதில்லை என்றால், விலைதான் முக்கியமான காரணம். திரும்பி வளையும் சக்கரம் வரை ஒயர் இழுக்க வேண்டும். சேறு, மழைத் தண்ணீர், கல் எல்லாவற்றையும் அந்த ஒயர் தாங்க வேண்டும். பேட் மாற்றும்போதெல்லாம் கூடுதல் செலவு. சில ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தில் கார் வாங்கும் முடிவே மாறுகிற சந்தையில், கம்பெனிகள் தகரத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. அதில் தப்பு சொல்லவும் முடியாது. ஒயர் சென்சாரும் முழுப் பாதுகாப்பு இல்லை. பல கார்களில் முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம் என்றுதான் அது இருக்கும். சென்சார் இல்லாத சக்கரத்தில் பேட் ஒருபக்கமாகத் தேய்ந்தால் அதற்குத் தெரியாது. விளக்கு எரியாமலிருக்க ஒயரின் இரண்டு முனைகளையும் முறுக்கி இணைத்துவிடும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள்.

பிரச்னை தகரத்தில் இல்லை. ‘கார் என்றால் எல்லாவற்றுக்கும் லைட் எரியும்’ என்று நாம் நம்புவதில்தான் இருக்கிறது. ஏ.பி.எஸ் விளக்கு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். 2019 ஏப்ரலிலிருந்து எல்லா புது கார்களிலும் ஏ.பி.எஸ் கட்டாயம் என்பது உண்மைதான். ஆனால், அந்த விளக்கு ஏ.பி.எஸ் அமைப்பில் கோளாறு வந்தால் எரிவது. பேட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அது அளப்பதே இல்லை.

ஆயில் டாப்-அப் செய்தால் அமுங்கிப்போகும் உண்மை

சின்ன காரிலும் பேட் தேய்வதை டேஷ்போர்டு மறைமுகமாகக் காட்ட ஒரே ஒரு வழி உண்டு. ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு வட்டம். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால் எரிகிறதே, அதே விளக்கு. பானட்டுக்குள் இருக்கும் டப்பாவில் பிரேக் ஆயில் அளவு குறைந்தாலும் அது எரியும்.

பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். அது விட்டுவந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே இறங்கும். டப்பாவில் அளவு குறையும். அதாவது, ஆயில் குறைவதே பேட் தேய்வதன் கணக்கு.

மதுரைக் குடும்பத்தின் காரில் நடந்தது இதுதான். இரண்டு மாதத்துக்கு முன் வாட்டர் வாஷுக்கு விட்டபோது, “ஆயில் கம்மியா இருந்துச்சு சார், ஊத்திட்டேன்” என்று ஒரு பையன் நல்ல மனதோடு டப்பாவை நிரப்பிக் கொடுத்திருக்கிறான். தாத்தாவும் பத்து ரூபாய் டிப்ஸ் கொடுத்தார். ஒருவேளை எரிந்திருக்க வேண்டிய சிவப்பு விளக்கு அன்றோடு அடங்கிவிட்டது.

பிரேக் ஆயில் இன்ஜின் ஆயில் மாதிரி எரிந்து குறைவதில்லை. குறைந்திருக்கிறது என்றால் பேட் தேய்ந்திருக்க வேண்டும், அல்லது எங்கோ ஒழுக வேண்டும். எனவே, ‘ஊத்திடு’ என்று சொல்வதற்கு முன் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இடையில் ஊற்றி நிரப்பிய டப்பா, புது பேட் போடும்போது இன்னொரு வேலையும் காட்டும். பிஸ்டனை உள்ளே தள்ளினால் ஆயில் மேலே ஏறிப் பொங்கி வழியும். பிரேக் ஆயில் பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்துவிடும்.

காதுக்கு வயதாகிறது

தாத்தாவுக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை? அவர் போனில் நன்றாகத்தான் பேசுகிறார், டி.வி-யும் பார்க்கிறார். ஆனால், வயதாகும்போது காது முதலில் இழப்பது உச்ச ஸ்தாயி ஒலிகளைத்தான். பேச்சு ஓரளவு கேட்கும், ‘கீச்’ கேட்காது. தகர சென்சார் பேசும் மொழி அந்தக் ‘கீச்’ மட்டும்தான். ரிட்டயர்டு ஆன பிறகு நிதானமாகச் சின்ன கார் ஓட்டும் எத்தனையோ பெரியவர்களுக்கு இது பொருந்தும். இளையவர்களுக்கும் காது இருந்தும் பயனில்லாமல் போகிறது. கண்ணாடி ஏற்றி, ஏ.சி போட்டு, பாட்டும் ஓடினால் தகரம் கத்துவது யாருக்குக் கேட்கும்?

இதற்கு அனுபவசாலி மெக்கானிக்குகள் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. பாட்டை நிறுத்தி, எல்லா கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத தெருவில் ஒரு நீளமான காம்பவுண்டு சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டுவது. சுவரில் பட்டுச் சத்தம் திரும்பி வரும். கூட ஒரு சிறுவரையோ இளைஞரையோ உட்காரவைத்துக்கொள்வது நல்லது.

எல்லா சத்தமும் பேட் சத்தம் இல்லை. ராத்திரி மழையில் நனைந்த கார், காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்குக் கரகரக்கும். டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு அது, தானே போய்விடும். சக்கரம் சுற்றும்போதெல்லாம் மெல்லியதாகக் கீச்சிட்டு, பிரேக்கை மிதித்தால் சத்தம் மாறுகிறது என்றால் தகரம் பேசுகிறது என்று எடுத்துக்கொண்டு அந்த வாரமே காட்டிவிடுங்கள். அதையும் தாண்டி, மிதிக்கும்போது ‘கர்ர்’ரென்று இரும்பும் இரும்பும் அரைபடும் சத்தம் வந்தால் வண்டியை ஓட்டவே கூடாது. பேடோடு முடிந்திருக்க வேண்டிய செலவு அப்போது டிஸ்க் வரை போயிருக்கும்.

கையில் போன் இருந்தால் பாதி வேலை வீட்டிலேயே முடியும். வண்டி நன்றாக ஆறியபின் சமதளத்தில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒருபக்கம் முழுதாக ஒடித்து, டார்ச் போட்டு டயருக்குப் பின்னால் போனை நீட்டி வீடியோ எடுங்கள். அலாய் வீலின் இடுக்கு வழியாகத் தெரிவது வெளிப்பக்க பேட் மட்டும்தான். மதுரைக் காரில் நல்லாயிருந்ததும் அதுதான். சீக்கிரம் தேய்வது பெரும்பாலும் உள்பக்க பேட். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கிவைத்த தடிமன், அதாவது சுமார் 3 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்றால் மாற்றிவிடலாம். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. சிட்டி டிராஃபிக்கில் ஓடும் வண்டியும் பைபாஸில் ஓடும் வண்டியும் ஒன்றாகத் தேய்வதில்லை.

பின் சக்கரங்களை மறந்துவிடாதீர்கள். பெரும்பாலான சின்ன கார்களில் அங்கே டிஸ்க் இல்லை, டிரம்தான். அதற்குள் இருக்கும் பிரேக் ஷூவில் இந்தத் தகரமும் கிடையாது. ஹேண்ட் பிரேக்கை முன்பைவிட அதிகம் இழுக்க வேண்டியிருந்தால் டிரம்மைத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

மலைக்குப் போகிறீர்களா?

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. ஏறும்போது பேடுக்குப் பெரிய வேலை இல்லை. இறங்கும்போதுதான் கஷ்டம். தேய்ந்த பேட் மெலிதாக இருப்பதால் டிஸ்க்கின் சூடு பிஸ்டனுக்கும், அதன் பின்னால் இருக்கும் ஆயிலுக்கும் சீக்கிரம் போய்விடும். புது டாட்-3 பிரேக் ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர அளவு. அதே ஆயில் காலப்போக்கில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால், அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆயில் கொதித்து ஆவிக்குமிழி வந்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. பழைய பஸ் டிரைவர்கள் ஏறிய கியரிலேயே இறங்கு என்பார்கள். இன்ஜினே பாதி பிரேக் வேலையைப் பார்த்துக்கொள்ளும். பெட்ரோல் மிச்சமாகும் என்று இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குபவர்களுக்கு, இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும்.

பேட் மாற்றும்போது வலது, இடது இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். கழற்றிய பழைய பேடுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உள்பக்கமும் வெளிப்பக்கமும் ரொம்ப வித்தியாசமாகத் தேய்ந்திருந்தால், கேலிப்பரின் ஸ்லைடு பின் இறுகியிருக்கலாம். அதைச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்காவிட்டால் புது பேடும் அதே கதிதான். புது பேடில் தகரம் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். சில மலிவு பேடுகளில் அது வருவதே இல்லை. வண்டியை எடுப்பதற்கு முன் பெடலை நான்கைந்து முறை மிதித்து, அது கெட்டியானதும் நகர்த்துங்கள். புது பேட் போட்டதும் முதல் மிதி தரைவரை போகும். ஷெட் வாசலிலேயே முன்னால் நின்ற பைக்கில் இடித்தவர்கள் உண்டு.

மதுரைத் தாத்தா உள்பக்கம், வெளிப்பக்கம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். டிஸ்க் தப்பித்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில், தெருமுனை ஸ்கூல் காம்பவுண்டை ஒட்டி ஒரு ரவுண்டு போகிறார்கள். பேத்தி பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள். “இன்னிக்கு விசில் இல்ல தாத்தா” என்று சொன்னால் அப்படியே டிபன் கடைக்கு. காது டாக்டரிடம் போக மட்டும் தாத்தாவுக்கு இன்னும் மனசு வரவில்லை. அதற்குப் பாட்டி அப்பாயின்ட்மென்ட் வாங்கிவைத்திருக்கிறார்.