தோல்வியை விதைத்து வெற்றியை அறுக்கலாமா?

வினை விதைத்தவன் வினை அறுப்பான், தினை விதைத்தவன் தினை அறுப்பான் என்று தமிழ்ப்பள்ளியில் படித்தோம். ஆனால், தோல்வியை விதைத்தால் வெற்றியை அறுக்கலாம் என்று உறுதியாக நம்புகிறவர்கள் இருக்கும் ஓர் உலகமும் உண்டு. அதுதான் வட அமெரிக்காவின் தொழில்முறைப் பனி ஹாக்கி உலகம். அந்த நம்பிக்கைக்குச் சான்றுகளும் காட்டுகிறார்கள். அந்தச் சான்றுகள் தேறுமா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பனியே பெய்யாத நாட்டில் இருந்துகொண்டு இவனுக்கு ஏன் இந்த ஆராய்ச்சி என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நம் நாட்டில் பனித்தளம் என்றால் பலருக்கும் சன்வே பிரமிட் பேரங்காடிதான் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அங்கே மாலையில் நடக்கும் ஆட்டம் இங்கே நமக்குக் காலைப் பசியாறல் நேரத்தில் வரும். விடுதியில் பசியாறிக்கொண்டே பார்க்கத் தொடங்கியவன், நாளடைவில் ஆட்டத்தைவிடக் குழுக்கள் கட்டப்படும் விதத்தில்தான் அதிக ஆர்வம் கொண்டேன். ஆளைத் தேர்ந்தெடுப்பது, வளர்ப்பது, காத்திருப்பது, கைவிடுவது ஆகிய அனைத்தும் அங்கே எல்லார் கண்ணுக்கும் தெரிய நடக்கின்றன.

முதலில் விதிமுறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்.எச்.எல். எனப்படும் தேசிய ஹாக்கி லீக்கில் 32 குழுக்கள் இருக்கின்றன. இங்கிலாந்துக் காற்பந்து லீக்கைப்போல் கடைசி இடத்தில் வரும் குழு கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படுவதில்லை. அதற்கு மாறாக ஒரு சலுகை கிடைக்கிறது. ஆண்டுதோறும் 18 வயதை எட்டும் இளம் ஆட்டக்காரர்களைக் குழுக்கள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும்போது, பின்தங்கிய குழுக்களுக்கே முன்னுரிமை. 1995 முதல் இந்த முன்னுரிமை ஒரு குலுக்கலின் வழி முடிவு செய்யப்படுகிறது. மேலும், சம்பளத் தகராற்றில் 2004–05 பருவம் முழுவதுமே ரத்தானதற்குப் பிறகு, ஒவ்வொரு குழுவும் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்தது. முதல் ஆண்டில் 39 மில்லியன் அமெரிக்க டாலராக இருந்த வரம்பு, 2025–26 பருவத்தில் 95.5 மில்லியன் ஆனது. ஆகவே, பணம் இருக்கிறது என்பதற்காக எல்லா நட்சத்திரங்களையும் ஒரே குழு வாங்கிவிட முடியாது.

இந்த நிலையில் ஒரு குழுவின் நிர்வாகத்துக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. அடிமட்டத்துக்கு இறங்கி, முதல்தர இளைஞர்களைத் திரட்டுவது ஒன்று. மற்றக் குழுக்களிடமிருந்து பரிமாற்றத்திலும் ஒப்பந்தத்திலும் ஆட்களைக் கொண்டு வருவது மற்றொன்று. யாரும் பெரிதாகக் கவனிக்காத இளைஞர்களைக் கண்டெடுத்து, பொறுமையாக வளர்ப்பது மூன்றாவது.

முதல் வழியின் ஆதரவாளர்கள் உடனே பிட்ஸ்பர்க்கையும் சிக்காகோவையும் காட்டுவார்கள். பிட்ஸ்பர்க் பென்குவின்ஸ் குழு 2003 முதல் 2006 வரை நான்கு ஆண்டுகளில் ஃபிளூரி, மால்கின், குரோஸ்பி, ஸ்டால் ஆகிய நால்வரையும் முதல் அல்லது இரண்டாம் தேர்வாகப் பெற்றது. 2009-இல் ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது. சிக்காகோ பிளேக்ஹாக்ஸ் 2006-இல் தேவ்ஸையும் 2007-இல் பேட்ரிக் கேனையும் தேர்ந்தெடுத்து 2010, 2013, 2015 ஆகிய ஆண்டுகளில் கிண்ணத்தைக் கைப்பற்றியது. இவை மறுக்க முடியாத உண்மைகள்.

ஆனால், சற்று நெருங்கிப் பாருங்கள். குரோஸ்பி தேர்வான 2005-இல் அதற்கு முந்தைய பருவமே நடக்கவில்லை. ஆகவே, எல்லாக் குழுக்களும் குலுக்கலில் கலந்துகொண்டன. பிட்ஸ்பர்க்குக்கு இருந்தது 48 பந்துகளில் மூன்று மட்டுமே. அதே மூன்று பந்துகள் வேறு மூன்று குழுக்களுக்கும் இருந்தன. கேனைப் பெற்ற ஆண்டில் சிக்காகோ கடைசி இடத்தில் இல்லை; கடைசியிலிருந்து ஐந்தாவதாக இருந்தது. 2015-இல் கோனர் மெக்டேவிட் என்ற அபூர்வ ஆட்டக்காரரைப் பெற்ற எட்மன்டன், கடைசியிலிருந்து மூன்றாவது குழு. அதற்கிருந்த வாய்ப்பு 11.5 விழுக்காடுதான். கடைசி இடம்தான் நட்சத்திரத்தைத் தரும் என்ற வாதத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் மூவரில் ஒருவர்கூட, கடைசி இடத்தில் முடித்ததற்குப் பரிசாகக் கிடைத்தவர் அல்லர். குலுக்கலில் விழுந்த சீட்டைத் திட்டம் என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

சரி, கடைசி இடத்தைப் பிடித்த குழுவுக்கு என்ன ஆனது? அது பஃபலோ சேபர்ஸ். 2013–14, 2014–15 ஆகிய இரு பருவங்களிலும் அதற்கே கடைசி இடம். 2015 மார்ச்சில் அரிசோனா குழுவோடு தன் சொந்த அரங்கில் ஆடியது. கூடுதல் நேரத்தில் அரிசோனா வெற்றி கோலைப் போட்டதும், பஃபலோ ரசிகர்களில் பலர் கைதட்டி ஆர்ப்பரித்தார்கள். தங்கள் குழு தோற்றால்தான் மெக்டேவிட் கிடைப்பார் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கைதட்டலைக் கேட்டுக்கொண்டே தளத்தைவிட்டு வெளியேறிய ஆட்டக்காரர்களின் மனநிலையை எண்ணிப் பார்க்கிறேன். உயிரைக் கொடுத்து ஆடினாலும் ஊர் தன் தோல்வியைத்தான் விரும்புகிறது என்று தெரிந்த பிறகு, அடுத்த ஆட்டத்துக்கு எந்த முகத்தோடு காலணியைக் கட்டுவது?

மெக்டேவிட் எட்மன்டனுக்குப் போனார். பஃபலோவுக்கு இரண்டாம் தேர்வாக ஜேக் ஐக்கல் கிடைத்தார். அதற்கு முந்தைய ஆண்டு கடைசி இடத்துக்குக் கிடைத்த பரிசு சாம் ரைன்ஹார்ட். இருவருமே சிறந்த ஆட்டக்காரர்கள். ஆனால், பஃபலோ 2011–12 முதல் 2024–25 வரை தொடர்ந்து 14 பருவங்கள் கிண்ணச் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. லீக் வரலாற்றில் இப்படி ஒரு வறட்சி வேறு எந்தக் குழுவுக்கும் ஏற்பட்டதில்லை. ஐக்கல் 2021-இல் வேகாஸ் குழுவுக்குப் போய், 2023-இல் கிண்ணத்தைத் தூக்கினார். ரைன்ஹார்ட் அதே 2021-இல் ஃபுளோரிடாவுக்குப் போனார். 2024 இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் வெற்றி கோலைப் போட்டவர் அவர்தான். இரண்டு ஆண்டுத் தோல்வியை விலையாகக் கொடுத்துப் பெற்ற இருவரும் அடுத்த வீட்டில்தான் விளக்கேற்றினார்கள்.

எட்மன்டன் கதையும் ஏறக்குறைய இதுதான். 2010, 2011, 2012 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக அதற்கு முதல் தேர்வு. ஆயினும், 2006–07 முதல் 2015–16 வரை பத்துப் பருவங்கள் கிண்ணச் சுற்றைக் காணவில்லை. 2012-இன் முதல் தேர்வான யாகுபோவ், அங்கிருந்த நான்கு பருவங்களில் குறைந்தது நான்கு பயிற்றுநர்களைப் பார்த்தார். 2017–18 பருவத்தோடு அவருடைய என்.எச்.எல். வாழ்க்கையே முடிந்துவிட்டது. தவறு முழுவதும் அந்த இளைஞருடையது என்று என்னால் ஏற்க முடியவில்லை. வழிகாட்ட மூத்தவர் இல்லாத வீட்டில் பிள்ளையை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

இப்போது மூன்றாவது வழியைப் பார்ப்போம். டெட்ராய்ட் ரெட் விங்ஸ் 1998-இல் பாவெல் டட்சுக்கை 171-ஆவது ஆளாகவும், 1999-இல் ஹென்ரிக் செட்டர்பெர்க்கை 210-ஆவது ஆளாகவும் தேர்ந்தெடுத்தது. இருவரும் உடனே களமிறக்கப்படவில்லை. ஒருவர் ரஷ்யாவிலும் மற்றவர் சுவீடனிலும் தொடர்ந்து ஆடிப் பக்குவப்பட்டு, முறையே 2001-இலும் 2002-இலும் டெட்ராய்ட் வந்தார்கள். 2008-இல் கிண்ணம் வந்தபோது அக்குழுவின் தூண்கள் இவர்கள்தாம். அந்தச் சுற்றின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது செட்டர்பெர்க்குக்குக் கிடைத்தது.

தம்பா பே லைட்னிங் குழு இதைச் சம்பள உச்சவரம்புக் காலத்திலும் செய்து காட்டியது. குச்செரோவ் 58-ஆவது, போயிண்ட் 79-ஆவது, பலாட் 208-ஆவது தேர்வு. டைலர் ஜோன்சனை எந்தக் குழுவுமே தேர்ந்தெடுக்கவில்லை. பலாட்டும் ஜோன்சனும் கீழ்நிலை லீக்கில் நோர்ஃபோக் குழுவில் ஜோன் கூப்பர் என்ற பயிற்றுநரிடம் வளர்ந்தார்கள். 2012-இல் அந்த லீக்கின் கிண்ணத்தை வென்றார்கள். பிறகு அதே பயிற்றுநரோடு மேலே வந்தார்கள். 2018–19 பருவத்தில் தம்பா 62 ஆட்டங்களில் வென்றும், கிண்ணச் சுற்றின் முதல் கட்டத்திலேயே நான்கு ஆட்டங்களிலும் தோற்று வெளியேறியது. வேறு நிர்வாகமாக இருந்தால் பயிற்றுநரை விரட்டியிருக்கும். தம்பா விரட்டவில்லை. 2020, 2021 இரண்டு ஆண்டுகளும் கிண்ணம் அவர்களுக்கே.

தானாகக் கனியாததைத் தடியால் அடித்துக் கனிய வைக்க முடியாது என்பார்கள். இதை நான் ஏட்டிலிருந்து மட்டும் சொல்லவில்லை. ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவன் நான். முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்தேன். “ஒரு வருஷம் வீணாப் போகுதே” என்று அத்தை வருத்தப்பட்டார். அந்த ஓராண்டில்தான் மலாய்மொழியில் தயங்காமல் வாய்திறக்கக் கற்றேன். வரலாறும் புவியியலும் மலாயில் வந்தபோது பாடத்தைக் கவனிக்க முடிந்தது; சொல்லோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கவில்லை. காத்திருக்க வைப்பது வேறு, கைவிடுவது வேறு. அன்றாடம் ஒருவர் அருகில் நின்று கற்றுக்கொடுத்தால் மட்டுமே காத்திருப்புக்குப் பொருள் உண்டு. நோர்ஃபோக்கில் பலாட்டுக்கு அது கிடைத்தது. எட்மன்டனில் யாகுபோவுக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது வழியையும் நான் ஒதுக்கவில்லை. 2017-இல் களமிறங்கிய வேகாஸ் கோல்டன் நைட்ஸ், மற்றக் குழுக்கள் பாதுகாக்காமல் விட்ட ஆட்களைக் கொண்டே முதல் பருவத்தில் இறுதிச் சுற்று வரை போனது. ஃபுளோரிடா பேந்தர்ஸ், வேறொரு குழு விலக்கிவிட்ட ஃபோர்ஸ்லிங்கை விலையின்றி எடுத்துத் தற்காப்பின் தூணாக்கியது. 2022-இல் பெரும் விலை கொடுத்து மேத்யூ கச்சக்கைக் கொண்டு வந்தது. 2024, 2025 இரண்டிலும் கிண்ணத்தை வென்றது. ஆனால், வெளியிலிருந்து வருகிறவர் சேர்வதற்கு உள்ளே ஒரு குடும்பம் இருக்க வேண்டும். ஃபுளோரிடாவில் 2013 முதல் பார்கோவ் இருந்தார். வேர் இல்லாத மரத்தில் ஒட்டுப் போட முடியாது.

பார்கோவ் இரண்டாம் தேர்வு ஆயிற்றே, தம்பாவின் ஸ்டாம்கோஸ் 2008-இன் முதல் தேர்வு ஆயிற்றே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பலவீனமான குழு இயல்பாகவே கீழே வரும். அதற்குரிய முன்னுரிமையைப் பெறும். அதில் இழுக்கு எதுவும் இல்லை. 2018-இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் நிர்வாகம், பழக்கப்பட்ட முகங்களை இழக்க நேரிடும் என்று ரசிகர்களுக்குக் கடிதம் எழுதியே மறுசீரமைப்பைத் தொடங்கியது. விழுவது வேறு, விழுவதற்கே திட்டமிடுவது வேறு. பின்னதில் நுழைவுச்சீட்டு வாங்கிய ரசிகன் ஏமாற்றப்படுகிறான். அந்தத் தோல்விக் கூடத்தில் 18 வயதுப் பையன் தொழில் பழகுகிறான். தோற்பது சாதாரணம் என்பதுதான் அவன் படிக்கும் முதல் பாடம்.

டெட்ராய்ட் முறையும் அமுதசுரபி அன்று. டட்சுக்கின் அருமை உண்மையிலேயே முழுமையாகத் தெரிந்திருந்தால் 171-ஆவது இடம் வரை அவர்களே காத்திருக்க மாட்டார்கள். தொடர்ந்து 25 பருவங்கள் கிண்ணச் சுற்றுக்குப் போன அந்தக் குழு, 2016-க்குப் பிறகு பல ஆண்டுகள் வெளியே நின்றது. ஆயினும் இந்த வழியில் ஒரு நன்மை இருக்கிறது. குலுக்கல் பந்தின்மேல் எந்த நிர்வாகத்துக்கும் கட்டுப்பாடு கிடையாது. ஆனால், திறமையைத் தேடிப் போகும் ஆட்களையும் கீழ்நிலைக் குழுவின் பயிற்றுநர்களையும் நல்லவர்களாக அமர்த்துவது முழுக்க முழுக்க நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. இவர்களுடைய சம்பளம் அந்த உச்சவரம்புக்குள் வருவதும் இல்லை.

ஆகவே, நாளை ஒரு பனி ஹாக்கிக் குழு என் ஆலோசனையைக் கேட்டால் (கேட்கப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும்) இதைத்தான் சொல்வேன்: தேடுங்கள், வளருங்கள், கனியும் வரை பொறுங்கள். கனிந்த பிறகு, குறையும் ஓரிடத்தை மட்டும் வெளியிலிருந்து நிரப்புங்கள். 2020-இல் இரண்டு ஆட்டக்காரர்களுக்காக முதல் சுற்றுத் தேர்வுகளையே தம்பா விட்டுக்கொடுத்தது அப்படித்தான். மோசமான பருவம் வந்தால் அதை ரசிகர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால், உங்கள் ஆட்டக்காரர்கள் தோற்க வேண்டும் என்று உங்கள் சொந்த அரங்கமே கைதட்டும் நாளை மட்டும் வரவழைக்காதீர்கள். அடுத்த குலுக்கலில் என்ன கிடைத்தாலும், அந்தக் கைதட்டலைக் கேட்டவர்களின் காதிலிருந்து அதை எடுக்க முடியாது.