படக்காட்சியும் மலைநாட்டு உழவரும்

படக்காட்சி என்றால் கூட்டம் சேர்ந்துவிடும்; கூட்டம் சேர்ந்ததனாலேயே பாடம் பரவியதென அறிக்கை எழுதிவிடுவதும் உண்டு. நானும் அவ்வாறு எழுதியவனே.

1948-இல் தொடங்கப்பெற்று, 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்ட பிலிம்ஸ் டிவிஷன், உழவு, சுகாதாரம், கைத்தொழில் பற்றிய படங்களைத் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் வழங்கிற்று. 16 மில்லிமீட்டர் படச்சுருள் ஏற்றிய வண்டிகள் அவற்றைச் சிற்றூர்களுக்கும் கொண்டு சென்றன. அப்பணி சிறியதன்று. ஆயினும் எங்கோ எடுத்த படம் எல்லா மண்ணுக்கும் பொருந்துவதில்லை.

சென்ற ஆண்டு கொல்லிமலை வளப்பூர் நாட்டுச் சிற்றூரொன்றில், சமவெளி வயலில் இயந்திர நடவு பற்றிய படத்தைத் திரையிட்டோம். முடிந்ததும் மூதாட்டியார் ஒருவர், "இந்த வண்டி சரிவில் நிற்குமா, தம்பி? சாமை குத்திக் கை நோகிறதே, அதற்குப் படம் இல்லையா?" என்று வினவினார். நான் விழித்தேன். மரவள்ளி பரவிச் சாமையும் தினையும் சுருங்கியதற்கு ஜவ்வரிசி ஆலைகளின் தேவை மட்டுமன்று, இக்குத்து வேலையின் துன்பமும் காரணம். உமி நீக்கும் பொறிகளோ, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் இம்மலையிலேயே நிறுவப்பட்டவை! அவற்றை இயக்கிய பெண்களைக் கைபேசியிலேயே படமெடுத்து, அவர்களே உடனிருந்து விளக்க, அடுத்த ஊரில் காட்டலாகாதா? தறிப் பயிற்சிக்கும் இம்முறை ஏற்றதே. சங்கங்கள் நிகர லாபத்திலிருந்து செலுத்தும் கூட்டுறவுக் கல்வி நிதியில் இதற்கொரு பங்கு ஒதுக்குமாறு அங்கத்தினர்கள் பொதுப்பேரவையில் தீர்மானம் கொணர வேண்டும்.

அறிக்கைப் படிவத்தில் வந்தோர் தொகைக்கு ஒரு கட்டம் உண்டு. கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இல்லை. அம்மூதாட்டியாரின் கேள்வியை நான் அன்று எழுதவில்லை.