பழவேற்காட்டுக்கு மணலால் வந்த சோதனை

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு. ஒரு பக்கம் கடல். மறு பக்கம் ஏரி. நடுவே மீனவர் குப்பங்கள்.

இங்குள்ள மகிமை மாதா கோயில் மிகப் பழமையானது. 1515-ம் ஆண்டு, போர்த்துக்கீசியர் காலத்தில் தோன்றியதாகச் சொல்கிறார்கள். அப்போது சென்னைப் பட்டணமே பிறக்கவில்லை. அதற்கு இன்னும் 124 ஆண்டுகள் இருந்தன!

பிறகு டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். இங்கிருந்து துணி கப்பலேறியது. வெடிமருந்தும் போயிற்று. ஏழை மக்களையும் அடிமைகளாகப் பிடித்து ஏற்றினார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் வேறு வேலை பார்த்தார். அவர் கோட்டைப் பாதிரியார் ஆபிரகாம் ரோஜர். பத்து ஆண்டு தங்கி, இந்துக்களின் வழிபாடு பற்றிக் கேட்டறிந்து புத்தகம் எழுதினார். 1651-ல் அது ஹாலந்தில் வெளிவந்தது.

1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இன்று கோட்டை இருந்த இடம் புதர் மண்டிய மேடு.

பாடு முறை

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களும் ஏரியில் "பாடு" வைத்துப் பிழைக்கின்றன. பாடு என்றால் இங்கே கஷ்டம் அல்ல, முறை. இன்று ஓர் ஊரார் நல்ல இடத்தில் வலை கட்டினால், அடுத்து இன்னோர் ஊருக்கு முறை. சீட்டுப் போட்டுத் தீர்ப்பதும் உண்டு. இந்துவும் கிறிஸ்தவரும் இதற்குக் கட்டுப்படுகிறார்கள். முறையில் இடம் கிடைக்காத குப்பங்களுக்கு மனக்குறை உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

எல்லாம் முகத்துவாரத்தைப் பொறுத்தது. இறால் குஞ்சு கடலிலிருந்து அதன் வழியாகத்தான் ஏரிக்குள் வந்து வளர்கிறது. மழை வெள்ளம் வாயைத் திறக்கும். கோடையில் மணல் வந்து அடைக்கும். அடைத்துவிட்டால் இறால் இல்லை. படகும் கடலுக்குப் போக முடியாது.

மீனவர் அஞ்சுவது ஏன்?

தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் இருக்கிறது. சுமார் 330 ஏக்கரில் உள்ள அதை 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கத் திட்டம் தீட்டப்பட்டது. மக்கள் கருத்தைக் கேட்க 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் நாள் குறித்தார்கள். இரண்டு முறையும் கூட்டம் தள்ளிப்போனது.

வேலை கிடைக்கும், வியாபாரம் பெருகும் என்பது ஒரு கட்சி. அது பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் கடல் மணலின் போக்கைக் கவனிக்க வேண்டும். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கடலுக்குள் கல் சுவர் எழுப்பினால், சுவருக்குத் தெற்கே மணல் சேரும். வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு மெரினா கடற்கரை அகன்றது. ராயபுரத்திலோ கடல் வீடுகளை விழுங்கியது.

பழவேற்காடு, காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருக்கிறது! கடலுக்கும் ஏரிக்கும் நடுவே உள்ள நிலமோ குறுகிய பட்டை. அது அரித்துப் போனால் பாடு வைக்க ஏரி ஏது?

எவ்வளவு கரை அரிக்கும், முகத்துவாரம் என்ன ஆகும் என்ற கணக்கைத் தமிழில் அச்சிட்டு, குப்பத்துக்குக் குப்பம் முதலில் கொடுக்க வேண்டும். கருத்துக் கேட்கும் கூட்டத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.