பண்ணைக் கணக்கில் விடுபட்ட பெயர்

அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெபர்சனிடம் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸின் பிள்ளைகளுக்குத் தகப்பன் யார் என்பதை 1998-இல் டிஎன்ஏ தீர்த்துவிட்டதாகப் பலர் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. கடைசி மகன் எஸ்டனின் ஆண்வழி வாரிசிடம் எடுத்த சோதனை ஜெபர்சன் குடும்பத்தைக் காட்டியதே ஒழிய, ஆளைக் காட்டவில்லை. ஜெபர்சனின் தம்பி ராண்டால்ஃபாக இருக்கக் கூடாதா என்ற கேள்வி நியாயமானதுதான். பதில் பழைய தாள்களில் இருக்கிறது. பண்ணைக் கணக்கில் அந்தப் பிள்ளைகளின் பிறப்பை ஜெபர்சனே குறித்திருக்கிறார், தகப்பன் பெயரை மட்டும் விட்டுவிட்டு (எழுதுவாரா என்ன!). அங்கிருந்து ஒன்பது மாதம் பின்னோக்கி எண்ணினால், அடிக்கடி வெளியூர் போன அந்த மனிதர் ஒவ்வொரு முறையும் மாண்டிசெல்லோ வீட்டில்தான் இருந்திருக்கிறார். தம்பி அத்தனை முறையும் அங்கே இருந்ததற்கு ஒரு துண்டுத் தாளும் இல்லை. இன்னொரு மகன் மேடிசன் 1873-இல் பத்திரிகையில் சொன்னதும் ஜெபர்சனே தகப்பன் என்பதைத்தான்; அதை வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் ஒதுக்கினார்கள், ஜெபர்சனின் பேரப்பிள்ளைகள் சொன்ன மறுப்பையோ ஆராயாமல் நம்பினார்கள்.